ஒன்பதாம் படுக்கைக்குப் போட்ட ஊசி

அனுப்புநர்
த. வேலம்மா (வயது 47),
சத்துணவு அமைப்பாளர்,
எண் 17/3, வாரியக் குடியிருப்பு,
மந்தைவெளி, சென்னை.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மகளிர் நல மருத்துவமனை,
அடையாறு, சென்னை.

பொருள்: அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய வார்டின் செவிலியர் திருமதி மதுமதி மீது 19.6.2025 அன்று புகார்ப் பெட்டியில் போடப்பட்ட கையொப்பமில்லாத கடிதம் – அதை எழுதியவர் நானே எனத் தெரிவித்தல் – அதிலுள்ள பொய்யைத் திருத்துதல் – வலி மருந்து வழங்கும் முறை பற்றி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். அலுவலகக் கடிதங்கள் பல எழுதிப் பழகியவள் நான். ஆனால் என்மீது நானே எழுதும் புகார் இதுதான் முதல். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் தெரிவிக்க அனுமதிக்க வேண்டுகிறேன்.

1. கருப்பையில் கட்டிகள் இருந்ததால் 9.6.2025 திங்கட்கிழமை தங்கள் மருத்துவமனையில் என் வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றினார்கள். அன்று காலையிலேயே, எனக்கு முன்னதாக, அதே மருத்துவர், பெசன்ட் நகரைச் சேர்ந்த திருமதி ஜொவிட்டா (வயது 39) என்பவருக்கும் அதே அறுவைசிகிச்சையைச் செய்தார். எனக்கு எட்டாம் படுக்கை, அவருக்கு ஒன்பதாம் படுக்கை. நடுவில் ஒரு இரும்பு அலமாரி மட்டுமே. இரண்டு பேருக்கும் தையல் ஒரே நீளம் என்று மருத்துவர் உடனிருந்தவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு என்னென்ன கிடைக்கிறது, அவருக்கு என்னென்ன கிடைக்கிறது என்று அந்த நிமிடத்திலிருந்தே பார்க்க ஆரம்பித்தேன்.

2. மரத்துப்போக முதுகில் போட்ட ஊசியின் வேகம் மாலை நான்கு மணிக்குக் குறையத் தொடங்கியது. செவிலியர் மதுமதி அவர்கள் ஒவ்வொரு படுக்கையாக வந்து, “பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியல. உங்களுக்கு எத்தனைம்மா?” என்று கேட்டார். ஜொவிட்டா அழுதுகொண்டே ஒன்பது என்றார். உடனே ஊசி வந்தது. அரை மணி நேரத்தில் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போனார். என்னிடம் கேட்டபோது இரண்டு என்றேன்.

அது உண்மையல்ல. அடிவயிற்றில் யாரோ கையை விட்டுத் திருகுவது போலிருந்தது. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளிக்கூட அடுப்படியில் நின்றவள் நான். கொதிக்கும் சாம்பார் கையில் கொட்டிய நாளிலும் நூற்று எண்பது பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டுத்தான் கையைத் தண்ணீரில் வைத்தேன். சத்துணவு டீச்சருக்கு இரும்பு உடம்பு என்று பள்ளியில் சொல்வார்கள். இரண்டு என்று சொன்னால் செவிலியர் என்னை ஒரு தனிப் பார்வை பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு என்று எழுதிக்கொண்டு ஏழாம் படுக்கைக்குப் போய்விட்டார்.

3. மறுநாள் காலை ஜொவிட்டா செவிலியரின் கையைப் பிடித்துக்கொண்டு கழிவறைவரை நடந்தார். மதியம் கஞ்சி குடித்தார். எனக்குப் புரண்டு படுக்கவும் முடியவில்லை. அவருடைய கணவர் திரு. ஆண்ட்ரூ பள்ளி வேன் ஓட்டுபவர். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவே வந்து உட்கார்ந்துவிடுவார். மனைவிக்கு இருமல் வரும்போதெல்லாம் துண்டை நாலாக மடித்து அவர் வயிற்றின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார். அதைச் சொல்லிக்கொடுத்தவரும் செவிலியர்தான். எனக்கும் சொன்னார். என்னிடம் துண்டு இருந்தது, பிடிக்க ஆள் இல்லை.

என் கணவர் தங்கவேல் ஆட்டோ ஓட்டுகிறார். மாலையில் வந்து, “இன்னா, வலி கீதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பிவிட்டார். பத்து நிமிடம் நின்றார், போய்விட்டார். வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார் என்று இன்று தெரிகிறது. அன்று, ஆண்ட்ரூ எத்தனை முறை மனைவியின் நெற்றியைத் துடைத்தார் என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன். ஆறு முறை.

4. ஒரு நாளைக்கு மூன்று முறை செவிலியர் என்னிடமும் எண்ணைக் கேட்டார் என்பதை இங்கே தெளிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். இரண்டு என்றேன். ஒருமுறை மூன்று என்றேன். அதையே பெரிய முறையீடாக நினைத்தேன். ஒன்பது என்ற எண் பக்கத்துப் படுக்கைக்குப் போய்விட்டது. அவர் சொன்னதை நானும் சொல்வதா என்ற வீம்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தே செவிலியர் புரிந்துகொள்ள வேண்டும், நான் கேட்காமலே ஊசி வரவேண்டும் என்று விரும்பினேன். ஒன்பதாம் படுக்கைக்கு அப்படித்தான் கேட்காமலே வருவதாக மனத்துக்குள் முடிவும் கட்டிக்கொண்டேன்.

5. வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக விட்டேன். இருமலை விழுங்கினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் 102. இருமித் துப்பாததால் நெஞ்சின் அடியில் சளி தங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். ஜொவிட்டா 14.6.2025 சனிக்கிழமை வீட்டுக்குப் போனார். போகும்போது என் அலமாரியில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தை வைத்து, சீக்கிரம் வந்துடுங்க அக்கா என்றார். நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேலும் ஐந்து நாள் அந்த வார்டில் கிடந்தேன். ஒன்பதாம் படுக்கைக்கு வேறொருவர் வந்துவிட்டார். என் மனத்தில் மட்டும் ஜொவிட்டா போகவில்லை.

6. வீடு திரும்பிய 19.6.2025 அன்று அந்தக் கடிதத்தை எழுதிப் பெட்டியில் போட்டேன். ஒன்பதாம் படுக்கைக்காரரின் கணவர் செவிலியரிடம் ஒரு பை கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றும், அதனால்தான் அவருக்கு மட்டும் ஊசி என்றும் அதில் உள்ளது.

அந்தப் பையில் இருந்தது குடை. வெள்ளிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. மனைவிக்கு பன் வாங்கப் புறப்பட்ட ஆண்ட்ரூவிடம் செவிலியர் தன்னுடைய குடையைக் கொடுத்தனுப்பினார். மறுநாள் அவர் அதை மடித்து ஒரு துணிக்கடைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது குடை என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். பை கொடுத்தது உண்மைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினேன். பெயர் போடவில்லை.

7. நேற்று (24.7.2025) மறுபரிசோதனைக்கு வந்தேன். புறநோயாளிகள் பெஞ்சில் ஜொவிட்டா இருந்தார். கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“நம்ம மதுமதி சிஸ்டர வார்டுலேந்து எடுத்துட்டாங்க அக்கா. நாங்க பை குடுத்தோம்னு யாரோ பொட்டில எழுதிப் போட்டுக்கீறாங்க. திங்கக்கிழமை விசாரணையாம், எங்க வீட்டுக்காரரையும் வரச் சொல்லிக்கீறாங்க. சிஸ்டர் போன்ல ஒரே அழுகை.”

செவிலியர் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர் என்றும், இந்த மாத முடிவில் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்றும் அவர் மூலமே அறிந்தேன். அம்மா, அதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது இரக்கமல்ல. சிஸ்டர் இவருக்குப் போன் செய்கிறார், எனக்குச் செய்யவில்லையே என்றுதான் தோன்றியது. அந்த எண்ணம் வந்த பிறகுதான் என்னைப் பற்றி எனக்கே அச்சம் வந்தது.

எழுதியது நான்தான் என்று அங்கேயே சொன்னேன். ஏன் என்று கேட்டார். உனக்கு மட்டும் ஊசி போட்டார்கள் என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோது, முட்டை சிறிதாக இருக்கிறது என்று சிணுங்கும் என் பள்ளிப் பிள்ளைகளின் குரல்போல எனக்கே கேட்டது. ஜொவிட்டா பிடித்திருந்த என் கையை விட்டார். பிறகு, “வலிச்சப்ப சொல்லியிருக்கலாமே அக்கா. உனக்கோசரம் நானும் சேந்து கத்தியிருப்பேனே” என்றார். அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது என் பக்கம் பார்க்காமல் கணவரோடு போய்விட்டார்.

8. என் முறை வந்தபோது, எனக்கு ஏன் ஊசி போடவில்லை என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக என் பழைய தாள்களைப் புரட்டிக் காட்டினார். வேளாவேளைக்கு ஏற்றிய மருந்துக்கு மேல், வலி அதிகமானால் போட வேண்டிய ஊசி எனக்கும் எழுதப்பட்டிருந்தது. “தேவைப்பட்டால்” என்று ஒரு குறிப்பு. கீழே வரிசையாக என் எண்கள்: இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரில் செவிலியர் மதுமதி அவர்களின் சுருக்கொப்பம். நான் சொன்னதை அவர் பிழையின்றி எழுதியிருக்கிறார். பிழை என் வாயில் இருந்தது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன:

அ) 19.6.2025 தேதியிட்ட கடிதத்தைப் பொய்ப் புகார் எனத் தள்ளி, செவிலியர் மதுமதி அவர்களை அதே வார்டில், தடையின்றி, முன்போல் பணியில் அமர்த்த வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தில் இதன் நிழல்கூட விழக் கூடாது.

ஆ) 28.7.2025 திங்கட்கிழமை விசாரணைக்குத் திரு. ஆண்ட்ரூவை அழைக்க வேண்டாம், என்னை அழைக்கவும். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க என் பள்ளிப் பதிவேட்டின் ஒரு பக்க நகலை இணைத்துள்ளேன். பொய்ப் புகாருக்கு விதியில் என்ன நடவடிக்கை உண்டோ அதை ஏற்கிறேன். செவிலியரிடம் என் பெயரை மறைக்க வேண்டாம். என் முகத்தைப் பார்த்து அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளவும்தான் வருகிறேன்.

இ) இது என் தவறைக் குறைத்துக்கொள்ளக் கேட்பதல்ல. ஆனாலும் கேட்கிறேன். என்னைப்போல் வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பவர்கள் எல்லா வார்டிலும் இருப்பார்கள். சும்மா படுத்திருக்கும்போது எத்தனை என்று கேட்பதோடு, இருமினால் எத்தனை, புரண்டால் எத்தனை என்றும் கேட்கச் சொல்லுங்கள். இருமச் சொல்லிப் பார்த்திருந்தால் என் இரண்டு அங்கேயே உடைந்திருக்கும். வலி மருந்து அழுகைக்குக் கிடைக்கும் பரிசல்ல, இருமவும் நடக்கவும் மூச்சுவிடவும் வேண்டிய மருந்து என்பதை அறுவைசிகிச்சைக்கு முதல் நாளே நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் தமிழில் எடுத்துச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் இதுவும் ஒரு பொய்க் கடிதமாகிவிடும். நேற்று ஜொவிட்டா நிமிர்ந்து நடந்து போனதைப் பார்த்தபோதும் எனக்குத் தையல் இழுத்தது. அதைத் தீர்த்துத் தரும்படி தங்களைக் கேட்க முடியாது. அதற்கான தண்டனையை இன்னொரு பெண் அனுபவிக்காமல் தடுக்கத் தங்களால் முடியும்.

இந்த மனுவின் வரைவை நேற்று மாலை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். எத்தனை வலி இருந்தது என்று கேட்டார். ஒன்பது என்றேன். திங்கட்கிழமை சவாரிக்குப் போகாமல் தானே அழைத்து வந்து, முடியும்வரை கூட உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தங்கள் அழைப்பை எதிர்பார்த்து,
தவறிழைத்த மனுதாரர்,

(ஒப்பம்) த. வேலம்மா

இடம்: சென்னை
நாள்: 25.7.2025

இணைப்பு: பள்ளிப் பதிவேட்டின் ஒரு பக்க நகல்.