பேசாத கே

அன்புச் சிட்டுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். வழக்கமாகக் கை தானாக எழுதிவிட்டுப் போகும் வரிதான், ஆனால் இந்த முறை அதை எழுதும்போது கண் கலங்கிவிட்டது. பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், ஒன்றும் விளங்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மதியம் நான் தையல் மெஷினில் யாரோ ஒருவருடைய கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். அப்பா பின்பக்கம் துணி எடுக்கப் போனவர், கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். காய்ந்த சட்டைக்குள் இருந்த குளவி கொட்டிவிட்டது. முதலில் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது, முகம் சிவந்து வீங்கியது, அப்புறம் தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம். "என்னங்க, என்னங்க" என்று உலுக்கினேன். போனை என் கையில் திணித்தாரே தவிர அவரால் பேச முடியவில்லை. பிழைக்க வந்த இந்த நாட்டில், நம் வீட்டில் இங்கிலீஷ் பேசுகிற ஒரே வாய் அதுதான் என்று உனக்குத் தெரியும். கரண்ட் ஆபீஸ், பேங்க், வீட்டுக்காரர், எல்லாம் அவர்தான். யாராவது போன் செய்தால் நான் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறவள்.

ஆம்புலன்ஸ் நம்பரை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள். குளவிக்கு இங்கிலீஷ் தெரியாமல் தேனீயைச் சொல்லி, ஹஸ்பண்ட், பீ, நோ பிரீதிங் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் பதறாமல் எந்தத் தெரு என்று கேட்டாள். நைட் ரோடு என்றேன். கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது. அப்படி ஒரு தெருவே இல்லையே, மறுபடி சொல்லுங்கள் என்றாள். நான் மறுபடியும் நைட் ரோடு என்றேன். இவரோ தரையில் சாய்ந்துவிட்டார். அப்போதுதான் உறைத்தது, இவள் ராத்திரி என்கிற நைட்டைப் போட்டுத் தேடுகிறாள்!

நீ ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் ஸ்பெல்லிங் சொல்லச் சொல்லி என் உயிரை எடுப்பாயே, அதை நினைத்துக்கொண்டேன். "இதெல்லாம் எனக்கெதுக்குடி" என்று நான் சலித்துக்கொண்டபோது, "சொந்த வீட்டு அட்ரஸ் வாயில வராட்டா எப்படிம்மா" என்று விடாமல் பிடித்துக்கொண்டாயே. வாயே திறக்காத எழுத்துக்கு எதற்கு முதல் வரிசையில் இடம் என்று நான் சண்டை போட்டதற்கு, "அது கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரிம்மா, ஒரு வார்த்தை பேச மாட்டார், ஆனா பத்திரிகையில பேர் போடலேன்னா அவ்வளவுதான்" என்றாய். உடனே அந்த ஆம்புலன்ஸ் பெண்ணிடம் கத்தினேன் பார், "கே! ஃபர்ஸ்ட் கே! நோ சவுண்ட், பட் கே!" அப்புறம் என், ஐ, ஜி, ஹெச், டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பெண் "காட் இட்", கிடைத்துவிட்டது என்றாள். காதில் தேன் வார்த்த மாதிரி இருந்தது.

வண்டி வந்ததும் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. இன்னும் தாமதித்திருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் இருமலுக்கு உள்ள வார்த்தையை நான் "கௌக்" என்று வாசித்தேன். அப்பா சிரித்துச் சிரித்து நிஜமாகவே இருமிவிட்டார். "அது காஃப்" என்றார். எஃப் வேண்டுமென்றால் எஃப் போட வேண்டியதுதானே, ஜியையும் ஹெச்சையும் எதற்குக் கூப்பிடுகிறார்கள்? என்னைப் பக்கத்து வீட்டுக்காரி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் வருவேனா? இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

உன்னைப் பெற நான் என்ன தவம் செய்தேனோ தெரியவில்லை, சிட்டு. என் தாலியைக் காப்பாற்றியது நீ என்று எழுதினால் "சும்மா இரும்மா" என்பாய். இருந்தாலும் எழுதிவிட்டேன். அந்த போன் பெண்ணுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும், பெயர்கூடக் கேட்கவில்லை. வேலை வேலை என்று காலையில் சாப்பிடாமல் ஓடாதே. காயப்போட்ட துணியை உதறாமல் போட்டுக்கொள்ளாதே, மாப்பிள்ளையிடமும் சொல். ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை நிறுத்திவிடாதே, இனிமேல் முனக மாட்டேன். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனம் குளிர்ந்து வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

சிட்டு, இது அப்பா. கண் இருட்டிக்கொண்டு வந்தபோதும் காது கேட்டது. உன் அம்மா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ஆயுசு முழுக்க இங்கிலீஷ் பேசியிருக்கிறேன், அவ்வளவு நல்ல இங்கிலீஷை நான் கேட்டதே இல்லை.