மல்லாட்டை அறையில் ஐந்து குஞ்சுகள்

செஞ்சி,
செவ்வாய் பிற்பகல்.

அன்புள்ள அஜித்துக்கு, சுதர்சனா எழுதுவது.

நானும் நம் ஜினிஷாவும் நலம். சூரத்தில் உங்கள் இருமல் நின்றதா? தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். என் போன் அத்தையின் பீரோவில் இருக்கிறது. அவர் போனில், ஸ்பீக்கர் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நான் பேசுவதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

பதினைந்தாம் தேதி பெங்களூர் ஆய்வகத்தில் திரும்பச் சேர வேண்டும், குழந்தையை அங்கே என் அக்கா பார்த்துக்கொள்வாள் என்று அத்தையிடம் சொன்னேன். அன்றிலிருந்து ஜினிஷா அத்தையின் அறையில்தான். "போறதுன்னா நீ போ. புள்ள என் வாசத்துக்குப் பழகட்டும்" என்றார். தன் பழைய புடவையில் சுற்றி வைத்திருக்கிறார். பால் கொடுக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார். உங்கள் தங்கை மூன்று மாதக் குழந்தையாக இறந்துபோனது அவரை இன்னும் விடவில்லை. எனக்கும் அது புரிகிறது. ஆனால் குழந்தை அழும்போது, சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்கு ரவிக்கை நனைந்துபோகிறது.

நேற்று காலை மல்லாட்டை மூட்டை அறையில், வேர்க்கடலை கொறிக்க வந்த ஒரு சுண்டெலி மாமா வைத்த கூண்டில் மாட்டியிருந்தது. வழக்கம்போல உயிரோடு சிங்கவரம் பக்கம் விட்டுவரக் கிளம்பினார். அதன் முலைகள் புடைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "மாமா, இது குட்டி போட்டிருக்குது, எடுத்துட்டுப் போவாதீங்க" என்றேன். மூட்டைகளை நகர்த்திப் பார்த்தோம். சாக்கு நூலுக்குள் கண் திறக்காத ஐந்து குஞ்சுகள். அவசரத்தில் ஒன்று உருண்டு தள்ளி விழுந்தது.

"ஒரு சத்தமும் காணுமேம்மா" என்றார். கத்துகின்றன மாமா, நம் காதுக்கு எட்டாது என்றேன். ஆய்வகத்தில் கருவி வைத்துக் கேட்டிருக்கிறேன். குளிர்ந்தால், தாய் விலகினால், கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தமும் குஞ்சின் வாசனையும் சேர்ந்தால் தாய் தேடி வந்து தூக்கும். குஞ்சோ மோந்துதான் முலையைக் கண்டுபிடிக்கும். முலையைக் கழுவிவிட்டால் பக்கத்திலேயே கிடந்தாலும் வாய் வைக்காது.

மாமா கூண்டைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அசையாமல் இருந்தோம். வெகுநேரம் கழித்து மூட்டை இடுக்கிலிருந்து ஆண் எலி வந்தது. கூண்டுக் கம்பி வழியே தாயை மோந்தது. பிறகு நேராகப் போய், விழுந்து கிடந்த குஞ்சைக் கவ்விக் கூட்டில் போட்டது. தாய் கூப்பிட்டால் அப்பா எலிகள் இப்படிச் செய்வதுண்டு.

மாமா கூண்டைத் திறந்துவிட்டார். எழுந்து அத்தையின் அறைக்குப் போய், ஜினிஷாவைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்தார். "இன்னா, எலியப் பாத்துட்டு வந்து எனக்குப் பாடமா?" என்று அத்தை அழுதார். சாயங்காலம் குழந்தை திரும்ப அந்த அறைக்கே போய்விட்டாள். மாமா தடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் திருட்டுத்தனமாகக் கிளம்ப விரும்பவில்லை. குழந்தையோடு, அத்தையிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும். அதற்கு நீங்கள் இங்கே வேண்டும். பதினைந்துக்கு முன் வந்துவிடுங்கள். வர முடியாமல் போனால், தயவுசெய்து போனில் அத்தையிடம் கோபப்பட வேண்டாம். நீங்கள் போனை வைத்த பிறகு அவரோடு இந்த வீட்டில் இருக்கப்போவது நான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சுதர்சனா