சிங்கப்பூரில் என் மகனின் வேலை

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். ஆட்டிசத்துக்கும் மனச்சிதைவுக்கும் மூளையில் சில அடிப்படைகள் பொதுவாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த ‘இருக்கலாம்’ உன் கண்ணில் படவில்லை போலும். “அக்கா, நம்ம ரெண்டு பேர் பிள்ளைங்களுக்கும் ஒரே பிரச்சினைதான்லா” என்று எழுதியிருக்கிறாய்.

மூளைக்குள் எப்படியோ, கூலாய் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இரண்டும் ஒன்றாக இல்லை. பாட்டுச் சத்தம் தாங்காமல் உன் ஜீவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். நீ எழுந்து, “அவனுக்கு ஆட்டிசம், கொஞ்சம் கொறைங்கப்பா” என்றாய். குறைத்தார்கள். சின்ன அத்தை அவனுக்கு ஐஸ்கிரீம் கொண்டுவந்து கொடுத்தார்.

அதே அத்தைதான் என்னிடம், “முகிலன் எங்க, வரலையா?” என்று கேட்டார். “சிங்கப்பூர்ல வேலை, லீவு கெடைக்கல” என்றேன். பக்கத்தில் இருந்த நீ எனக்காகத் தலையாட்டினாய். மூன்று வருடமாக இதைத்தான் சொல்கிறேன். அவனோ அப்போது பாசிர் கூடாங்கில் எங்கள் வீட்டில், தனக்கு மட்டும் கேட்கும் குரல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஐஸ்கிரீமைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை ஜீவன் மீதல்ல. அவனுக்கு இருப்பதைச் சபை நடுவே சொல்ல முடிந்த உன் மீது.

நேற்று தொலைபேசியில் ஒருவரிடம் அதே பொய்யைச் சொல்லிவிட்டு வைத்தேன். முகிலன் பின்னால் நின்றிருந்தான். “அம்மா, சிங்கப்பூர்ல எனக்கு என்ன வேலைம்மா?” என்றான். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஜீவனின் பிறந்தநாளுக்கு நானும் முகிலனும் வருகிறோம். லீவு கிடைத்ததா என்று அத்தை கேட்டால், நீ தலையாட்டாதே. நான் பதில் சொல்கிறேன்.

உன் அக்கா