செல்விக்கு நானும் கைதட்டினேன்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று திண்டிவனத்தில் நடந்த அங்கன்வாடிக் கூட்டத்தில் எங்கள் சூப்பர்வைசர் மேடம், செல்வியை எழுந்து நிற்கச் சொன்னார். கை, கால், வாயில் கொப்புளம் போடும் அந்தக் காய்ச்சல், முதல் குழந்தையை அவள் வாசலிலேயே திருப்பி அனுப்பியதால், அவள் சென்டரில் ஒரே குழந்தையோடு நின்றுவிட்டதாம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்து ஊரில்தான் என் சென்டர். அங்கே ஒன்பது குழந்தைகளுக்கு வந்தது.

முதலில் கொப்புளத்தோடு வந்த குழந்தையை நானும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போகணும் என்று அதன் அம்மா கெஞ்சினாள். உள்ளே விட்டுவிட்டேன். செல்விக்கு மனசில் ஈரமில்லை, அதனால்தான் பேர் வாங்கினாள் என்று கூட்டம் முடியும்வரை உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் அவளிடம் குத்தலாகவே கேட்டேன். "திருப்பி அனுப்பினியே, அந்தப் புள்ளயோட அம்மா கூலிய வுட்டுட்டு வீட்லயா குந்திக்கினு இருந்தா?"

"இல்லக்கா, அவங்க வேலைக்குப் போய்க்கினுதான் இருந்தாங்க. எங்க வீட்டுக்காரரு வீட்லதான தைக்கிறாரு, அவருதான் குழந்தைய பாத்துக்கினாரு. கொப்புளம் காயற வரைக்கும் கஞ்சி ஊட்றது, கை கழுவி வுட்றது எல்லாம் அவருதான்."

கைதட்டல்கூட எனக்கு அவ்வளவு எரியவில்லை. அவளுக்கு இப்படி ஒரு புருஷன் என்றதுதான் எரிந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்தால் இவரும் பகலெல்லாம் வீட்டில்தான். "நீங்களா இருந்தா அப்படி ஒரு குழந்தைய பாத்துக்குவீங்களா?" என்றேன், சண்டைக்கு இழுப்பதுபோல.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "பாத்திருப்பேன். நீ எங்க கேட்ட?"

குழம்பு எடுக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன்.