எங்கள் கம்ப்யூட்டரில் எந்த யூ.எஸ்.பி?

மார்ச் 3, செவ்வாய்

சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால், மகள் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவள் கையைக் கட்டிக்கொண்டால் பேச மாட்டேன் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்செல்லாம் சைகையில்தான். என்னிடம் மட்டும் போனில் தட்டிக் காட்டுவாள். இன்றைக்கும் தட்டினாள்: "நான் சரியில்லையாம்ப்பா."

காது கேட்பவர்களுக்கு ஆன்லைனில் சைகை மொழி கற்றுக்கொடுக்கும் மையம் ஒன்றில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். மாதிரி வகுப்பு நேற்று நடந்தது. இன்று கடிதம். விரல் அசைவுகள் தெளிவாக இல்லை, சைகை விட்டுவிட்டு வருகிறது, 13ஆம் தேதி காலை பத்து மணிக்கு இன்னொரு வாய்ப்பு. அதுவும் சரிவரவில்லை என்றால் அவ்வளவுதான்.

வகுப்பின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். கை தாடையில் இருக்கிறது, அடுத்த நொடி தோளில் இருக்கிறது, நடுவில் எங்கே போய்விட்டு வந்தது என்று கடவுளுக்கே வெளிச்சம். விரல்களெல்லாம் ஈரத்துணியால் துடைத்த சாக்பீஸ் எழுத்து மாதிரி. இது அவள் கையின் குற்றமா? படம்தான் திக்குகிறது. இன்டர்நெட் ஒழுங்காக இருக்கிறது, போனில் நன்றாக ஓடுகிறது. ஆனால் வகுப்பைப் போனில் எடுக்கக் கூடாதாம். பாடமும் மாணவர்களும் ஒரே திரையில் தெரிய வேண்டுமாம்.

கேமரா போன மாதம் வாங்கியது. அதன் பெட்டியில் எழுதியிருக்கிறது: யூ.எஸ்.பி 2.0 அல்லது அதற்கு மேல் வேண்டும். கம்ப்யூட்டருக்கு வயது பதினாறு. அதில் இருப்பது எந்த யூ.எஸ்.பி? புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்டேன். "என் முதல் சம்பளத்துல நான் வாங்குவேன்" என்று தட்டினாள். சரி தாயே. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன், ஐந்து நிமிஷ வேலை.

மார்ச் 4, புதன்

ஐந்து நிமிஷ வேலையாம். என் வாயில் சக்கரையைக் கொட்டத்தான் வேண்டும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷ அனுபவம். மேலேயும் கீழேயும் போக மறுக்கும் எத்தனையோ பெட்டிகளை வழிக்குக் கொண்டுவந்தவன். எங்கள் பட்டறையில் எல்லாம் தெரிந்த ஒருவர் உண்டு, அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மேதாவி. டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன்.

"இதுக்கா இவ்ளோ யோசனை? துளைக்குள்ள வெள்ளையா இருந்தா ஒண்ணு, கருப்பா இருந்தா ரெண்டு, நீலமா இருந்தா மூணு. அவ்ளோதான்."

வீட்டுக்கு வந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்தேன். முன்பக்கம் இரண்டு துளை, சாம்பல் நிறம். பின்பக்கம் நான்கு. இரண்டு கருப்பு, ஒன்று மஞ்சளா பழுப்பா தெரியவில்லை, இன்னொன்றில் நிறமே தெரியாமல் தூசி. துடைத்தேன். துடைத்த பிறகும் தூசி நிறம்தான். எழுந்தபோது மேஜையில் தலை இடித்தது. மகளுக்குச் சத்தம் கேட்கவில்லை, மேஜை அதிர்ந்ததில் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள், பாவி.

கேமரா வயர் வேறு குட்டை. கீழே இருக்கும் பெட்டி வரை எட்டாது என்று கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் துளையில் செருகி வைத்திருக்கிறேன். செய்கிறவன் இன்னும் ஒரு முழம் விட்டுச் செய்தால் குறைந்தா போய்விடுவான்?

மார்ச் 5, வியாழன்

கம்ப்யூட்டருடன் வந்த புத்தகத்தைத் தேடினேன். அட்டைப்பெட்டி பத்திரமாக இருக்கிறது. உள்ளே என் பழைய செருப்பு.

மார்ச் 6, வெள்ளி

வேலை முடிந்து கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மாடல் நம்பர் என்ன சார்?"

"அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வர்றேன்?"

"பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பாருங்க."

ஒட்டியிருந்தது. இரண்டு வருஷம் முன்னால் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நானேதான் சுரண்டி எடுத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. நிறத்தைப் பற்றிக் கேட்டேன். "நிறமா? அவனவன் கையில கிடைச்ச கலரைப் போடுவான் சார், அதை நம்பாதீங்க" என்றார். இரண்டு நாளாக மேதாவி சொன்ன நிறத்தை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டேனே! கடைசியில் மனமிரங்கி ஒரு வழி சொன்னார். கம்ப்யூட்டருக்குள்ளேயே டிவைஸ் மேனேஜர் என்று ஒரு பட்டியல் இருக்கிறதாம், அதில் யூ.எஸ்.பி என்ற தலைப்பின் கீழே 'என்ஹான்ஸ்டு' என்ற வார்த்தை இருந்தால் இரண்டு, இல்லாவிட்டால் ஒன்று.

"ஒண்ணா இருந்தா என்ன பண்றது?"

"தூக்கிப் போட்டுடுங்க சார்."

மார்ச் 7, சனி

மத்தியானம் வேலையிலிருந்து வந்ததும் பட்டியலைத் திறந்தேன். யூ.எஸ்.பி என்ற தலைப்பின் கீழே ஏழு வரி. இரண்டில் என்ஹான்ஸ்டு இருக்கிறது, ஐந்தில் இல்லை. இப்போது இது ஒன்றா, இரண்டா, ஒன்றரையா? மேதாவிக்குப் போன் போட்டேன். "ஒரு இடத்துல இருந்தாலும் ரெண்டுதாங்க. உங்க மெஷின் ஓகே" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன்: "கம்ப்யூட்டர் மேல எந்தத் தப்பும் இல்ல!"

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள். "அப்போ அவ கை மேலதான் தப்புன்னு சொல்றீங்களா?"

நான் அப்படியா சொன்னேன்? எங்கே சொன்னேன்? ஆனால் மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைப் பார்த்துப் பாதிதான் புரிந்துகொள்வாள். எது புரியக் கூடாதோ அது மட்டும் முழுசாகப் புரியும். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டினால் கேட்காது. கதவுக்கு அடியில் ஒரு காகிதம் தள்ளினேன்: 'நான் கம்ப்யூட்டரைத்தான் சொன்னேன்.' காகிதம் திரும்பி வரவில்லை.

வெட்கமாக இருக்கிறது. ஏன்டா வாயைத் திறந்தோம் என்றிருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்கிறாள். கேமராவுக்குத் தோதாகக் கையை மெதுவாக்கிப் பழகுகிறாளாம். ஒரு அசைவு, நிறுத்தம், ஒரு அசைவு, நிறுத்தம். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாக்க சகிக்கலங்க. அவ்ளோ அழகா பேசுற பொண்ணு, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டிக்கிட்டு நிக்குது" என்றாள். அழகா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தலையாட்டி வைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நான்கு பேர். வெளியே எடுத்ததும் ஒருவர் கேட்டார்: "இது எந்த வெர்ஷன் லிஃப்ட்?" அவரை மறுபடியும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தலாமா என்று இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

கையெழுத்து கோணலாக வருகிறது. சிரிப்பா எரிச்சலா என்று எனக்கே தெரியவில்லை.

மனைவிக்கு இன்று விடுமுறை. மருந்துக்கடையில் வேலை, மாத்திரை அட்டையில் எறும்பு சைஸில் இருக்கும் எழுத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை படிக்கிறவள். நான் கேமராவைச் செருகினேன். திரையின் மூலையில் வழக்கம்போல ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. வழக்கம்போல அதை மூடப் போனேன்.

"இருங்க, அது என்ன?"

"அது சும்மா வரும். விளம்பரம்."

"எத்தன நாளா வருது?"

"கேமரா வாங்கின நாள்லேர்ந்து."

கையைத் தட்டிவிட்டுப் படித்தாள். இந்தச் சாதனம் இதைவிட வேகமாக வேலை செய்யும், வேகமான யூ.எஸ்.பி 2.0 துளையில் செருகவும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. மூன்று வாரமாக, ஒவ்வொரு நாளும், அந்தப் பெட்டி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நானும் ஒவ்வொரு நாளும் அதன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் இரண்டுதான். கீபோர்டின் ஓரத்துத் துளைதான் ஒன்று! அட, முண்டமே! லிஃப்ட் நின்றால் மோட்டாரைக் கழற்றாதே, முதலில் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா பார் என்று புதுப் பையன்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான்.

கீழே இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி மேஜை மேலேயே வைத்தேன். இப்போது குட்டை வயரும் எட்டியது. பின்பக்கக் கருப்புத் துளையில் செருகினேன். மகள் கேமரா முன்னால் உட்கார்ந்து ஒரு வாக்கியம் பேசினாள். பத்து விரலும் திரையில் பத்து விரலாகத் தெரிந்தன. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் முகம் பார்த்தாள்.

மார்ச் 13, வெள்ளி

அரை நாள் லீவு. பத்து மணிக்கு முன்னாலேயே ஒரு நாற்காலியைக் கேமராவில் விழாத மூலையில் போட்டு உட்கார்ந்தேன். வயர் கழன்றால் பிடிக்க ஆள் வேண்டும் என்று சாக்கு சொன்னேன். மனைவி கதவோரம் நின்றாள்.

திரையில் மையத்து அம்மா, அவருக்கும் காது கேட்காது. இருபது நிமிஷம். படம் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. மகள் பழைய வேகத்திலேயே பேசினாள். நடுவில் ஏதோ சொன்னாள், அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். கதவோரம் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று பேரும் சிரிக்கிறார்கள். நான் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் மனைவியிடம் கேட்டேன், அப்படி என்ன சொன்னாள் என்று.

"அது சொன்னா நல்லாருக்காதுங்க. கையில பாத்தாத்தான் சிரிப்பு வரும்."

பத்து நாளாக நான் அடித்த கூத்தென்ன, மேஜைக்கு அடியில் தவழ்ந்ததென்ன. மற்றவர்களுக்கு என் மகள் பேசுவது புரியவில்லையே என்று. இன்று படம் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குப் புரிந்தது 'வணக்கம்' மட்டும்.

இவளுக்கு இருபத்து மூன்று வயது. சின்ன வயதில் பள்ளியில் பெற்றோருக்குச் சனிக்கிழமைதோறும் சைகை வகுப்பு வைத்தார்கள். மனைவி போனாள். அலுவலகங்கள் மூடியிருக்கும் சனிக்கிழமையில்தான் லிஃப்டைத் திறந்து வேலை பார்க்க முடியும் என்று நான் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே? இருபது வருஷ ஞாயிற்றுக்கிழமை. என்ன செய்துகொண்டிருந்தேன்?

மார்ச் 16, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. கடிதத்தை என்னிடம்தான் முதலில் காட்டினாள்.

மார்ச் 21, சனி

மையத்தின் தளத்தில் மாணவர் படிவம் நிரப்பினேன். வயது ஐம்பத்து நான்கு. 'ஏன் கற்க விரும்புகிறீர்கள்?' என்று ஒரு கட்டம். மூன்று தடவை எழுதி அழித்தேன். கடைசியில் 'வீட்டு உபயோகத்துக்கு' என்று போட்டேன்.

ஏப்ரல் 4, சனி

இன்று வேலைக்கு வரமாட்டேன் என்று மேதாவியிடம் சொல்லிவிட்டேன். பதினோரு மணிக்கு முதல் வகுப்பு. மகள் கூடத்தில், நான் படுக்கையறையில் போனுடன். ஒன்பது மாணவர்களில் நான் ஏழாவது கட்டம். வகுப்பில் அப்பா கிப்பா என்று எதுவும் கிடையாது என்று முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள். என் கை கட்டத்தை விட்டு வெளியே போகிறது என்று எல்லார் முன்னாலும் இரண்டு தடவை கண்டித்தாள். ரொம்பக் கண்டிப்பு. யாருக்குப் பிறந்தாளோ.

வீட்டுப்பாடம்: பாடக் காணொளியைப் பார்த்து, வீட்டில் ஒருவரிடம் சைகையில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். மனைவியிடம் கேட்டு முடித்துவிடலாம் என்று பார்த்தேன். "போங்க, அவகிட்டயே போய்க் கேளுங்க" என்று துரத்திவிட்டாள்.

குளியலறைக் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் பழகிவிட்டுக் கூடத்துக்குப் போனேன்.

முதல் கேள்வி, சாப்பிட்டாயா. மூன்றில் அது ஒன்றுதான் எனக்கு முன்பே தெரியும். ஆமாம் என்றாள்.

இரண்டாவது, என் மேல் கோபமா.

எட்டி என் கையைப் பிடித்து, விரல்களைச் சரியாக வளைத்து வைத்தாள். மறுபடி கேட்கச் சொன்னாள். கேட்டேன். பிறகுதான் பேசினாள். போன் பக்கத்திலேயே இருந்தது, எடுக்கவில்லை. நீளமான பதில். கை முகத்துக்கும் நெஞ்சுக்கும் போய் வந்தது, ஒரு இடத்தில் கண் நிறைந்தது, ஒரு இடத்தில் சிரித்தாள். எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபட்டது. அம்மா, சின்ன வயது, காத்திருப்பது.

மூன்றாவது கேள்விக்கு நான் வேறு ஏதோ பழகி வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, மெதுவாக இன்னொரு தடவை சொல்வாயா என்று கேட்டேன்.