ஆட்டுக்கொட்டிலில் உன் அம்மா பேசும் இங்கிலீஷ்

கர்த்தருடைய கிருபையினால் அன்பு மகள் சுபிதாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அம்மா சுகம், ஆடுகள் இரண்டும் சுகம். அங்கே நீயும் பேத்தி அக்சாவும் சுகமாயிருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். மாப்பிள்ளை ஷாஜனும் சுகம் என்று நீ சொல்கிறாய், ஆகவே அதையும் எழுதி வைக்கிறேன்.

போனில் பேசாமல் என்னத்துக்கு அப்பா காகிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் உன் அம்மா கையில் இருக்கிறது மக்களே. நான் பேசினால் பக்கத்தில் வந்து நிற்கிறாள், மெசேஜ் அனுப்பினால் எனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். நல்லவேளையாக நம் சபைப் பையன் ஜெபிஷ் லீவு முடிந்து வியாழக்கிழமை நீ இருக்கிற அயர்லாந்துக்குத் திரும்புகிறான், நேந்திரங்காய் சிப்ஸ் பொதிக்கு அடியில் இதை வைத்துக் கொடுக்கப் போகிறேன். கவரை நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், ஒட்டு விட்டிருந்தால் அவன் படித்துவிட்டான் என்று தெரிந்துகொள். தங்கமான பையன்தான், ஆனாலும் விமானத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறவன் கையில் கிடைத்த எதையும் படிப்பான். விஷயம் இதுதான், உன் அம்மா எனக்குச் சொல்லாமல் எங்கேயோ கிளம்ப ஏற்பாடு பண்ணுகிறாள், அதில் நீயும் கூட்டு. எனக்கு எப்படித் தெரியும் என்று முதலில் இருந்து வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் மடக்கி வைக்காமல் கடைசிவரை படி.

ஆவணி மாதம் தொடங்கியே உன் அம்மாவின் போக்கு சரியில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து ரப்பர் ஷீட் அடுக்கி வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். காதில் கிடந்த கம்மலைக் கழற்றி மாதாகோயில் படம் போட்ட அந்தப் பழைய டப்பாவில் போட்டுவிட்டாள், கேட்டால் காது வலிக்கிறதாம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், சுவரில் வெள்ளை வேஷ்டி ஒன்றை விரித்துக் கட்டியிருக்கிறாள், என்னுடைய வேஷ்டி. அதன் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்து, எனக்குப் புரியாத பாஷையில் ஒரே வேகமாக முணுமுணுக்கிறாள். நீயே சொல், ஒரு மனுஷன் என்ன நினைப்பான். நகையைக் கழற்றியாயிற்று, வெள்ளைத்துணி வந்தாயிற்று, அந்நிய பாஷையும் வந்தாயிற்று. ஜங்ஷனில் புதிதாக ஷெட் போட்டிருக்கிற பெந்தெகொஸ்தே சபைக்கு இவள் ரகசியமாகப் போய்விட்டாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அங்கே போகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, ஆனால் நான் நம் சபைக் கமிட்டியில் இருப்பவன், என் வீட்டிலிருந்தே ஒருத்தி அங்கே போனால் அடுத்த எலெக்ஷனில் எனக்கு யார் கைதூக்குவான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகரை வேப்பமரத்தடியில் நிறுத்தி, வேறு யாருக்கோ நடந்த மாதிரி, கமிட்டி மெம்பர் ஒருவரின் மனைவிக்கு அந்நிய பாஷை வந்தால் அவருடைய ஸ்தானம் என்னவாகும் என்று கேட்டேன். அந்த மெம்பரும் அதிகாலையில் எழுந்து மனைவியோடு சேர்ந்து ஜெபிக்கலாமே என்றார். இது ஒரு பதிலா.

பிறகு ஒருநாள் காலையில் கதவுக்கு வெளியே நான் நிற்கும்போது உள்ளே ஹெட்போன் ஒயர் போனிலிருந்து கழன்றுபோனது போல, ஒரு பெண்பிள்ளையின் குரல் சத்தமாகக் கேட்டது. என்ஜாய் வந்தா பின்னால இங்தான் வரும் ஆன்ட்டி, டூ போடப்பிடாது என்று சொல்லுகிறது. குரலை உடனே கண்டுபிடித்துவிட்டேன், உன்னோடு பத்தாம் வகுப்பு படித்த ஜெஸ்மி. மார்த்தாண்டத்தில் கல்யாணமாகி இருக்கிறவள் இப்போது போன் வழியாக இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கிறாளாம். கம்மல் போட்டால் ஹெட்போன் பொருந்தவில்லை, வீடியோவில் பின்னால் ரப்பர் ஒட்டுப்பால் சாக்கு தெரிகிறது என்று வேஷ்டி கட்டினாள், அவ்வளவுதான். நான் கதவைத் தள்ளிக்கொண்டு போய் இந்த வயதில் எதற்கு இங்கிலீஷ் என்று கேட்டேன். சும்மா மூளைக்கு நல்லதுண்ணு படிக்கேன் என்றாள். மூளைக்கு நல்லதென்றால் வரப்பு நிறைய வல்லாரை கிடக்கிறதே என்றேன், பேசாமல் போனை மூடி வைத்தாள். உன் அம்மா பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்றால் உள்ளே பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அதன்பிறகு நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். மக்களே, அந்த இலக்கணமே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சில வினைச்சொல்லுக்குப் பின்னால் இங் வரவேண்டுமாம், சிலதுக்குப் பின்னால் டூ வரவேண்டுமாம். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் எல்லாம் ஒரு கட்சி, வாண்ட், ஹோப், பிராமிஸ் எல்லாம் மறு கட்சி. யார் பிரித்தது, என்ன கணக்கில் பிரித்தது என்று உன் அம்மாவிடம் கேட்டேன், பொதுவாகப் பார்த்தால் நடந்ததுக்கும் நடந்துகொண்டிருப்பதுக்கும் இங், இனி நடக்க வேண்டியதுக்கு டூ, ஆனால் அது எல்லா இடத்திலும் நிற்காது, காது பழகித்தான் தெரியும் என்று ஜெஸ்மி சொன்னாளாம். நான் பஹ்ரைனில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன், காரணம் சொல்லாத சட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே யாரோ பின்வாசல் வழியாகச் சரக்கு கடத்துகிறான் என்று எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் போகிற சொற்கள் வேறு இருக்கிறதாம், ஸ்டாப், ரிமெம்பர், ஃபர்கெட் என்று. இங் போட்டால் ஒரு அர்த்தம், டூ போட்டால் வேறு அர்த்தம். நம் கமிட்டியிலும் அப்படி இரண்டு பேர் உண்டு, அவர்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை. உன் அம்மாவோ இதையெல்லாம் வேதாகம மனனவசனம் படிக்கிற மாதிரியே படிக்கிறாள். பெண்கள் ஐக்கியப் போட்டியில் இருப்பதிலேயே நீளமான சங்கீதம் முழுவதையும் தப்பில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கினவள் அல்லவா. இங் சொற்களை ஒரு கீர்த்தனை ராகத்திலும் டூ சொற்களை வேறொரு ராகத்திலும் போட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாள்.

சொந்த வீட்டுக் காரியத்தை வைத்து வாக்கியம் சொல்ல வேண்டும், அதுவும் உண்மையாக இருக்க வேண்டும், அப்போதுதான் மனதில் ஒட்டும் என்பது ஜெஸ்மியின் கட்டளை. அதனால் உன் அம்மா நாள் முழுக்க உண்மையாகப் பேசிக்கொண்டு திரிகிறாள், எல்லாம் இங்கிலீஷில். ஐ லைக் ஃபீடிங் தி கோட்ஸ் என்கிறாள். மை ஹஸ்பண்ட் என்ஜாய்ஸ் டவுட்டிங் என்கிறாள், அது எனக்குப் புரியாது என்று நினைப்பு. நான் கவனித்தது என்னவென்றால், அவளுடைய இங் வாக்கியங்களில் நான் இருக்கிறேன், ஆடு இருக்கிறது, அடுக்களை இருக்கிறது. டூ வாக்கியங்களில் நான் இல்லை. ஐ வாண்ட் டு கோ, ஐ ஹோப் டு சீ அக்சா, இப்படித்தான் போகிறது. அப்போதுதான் எனக்குத் துணுக்கென்றது. மேலவீட்டு பகவதியம்மாள் மகளுக்குப் பேறுகாலம் பார்க்க மஸ்கட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை, அவள் புருஷன் ஓட்டல் பார்சலில் ஜீவிக்கிறார். அந்த கதிதான் எனக்கும் என்று நினைத்தேன். நீ அம்மாவை மட்டும் கூப்பிடுகிறாய், என்னைக் கூப்பிடவில்லை, அதைச் சொல்லவும் தைரியமில்லை என்று உன்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில்தான் போனவாரம் நீ வீடியோவில் வந்தபோது நான் முகத்தைக் காட்டாமல் ஷீட் அடிக்கப் போனேன்.

மாப்பிள்ளைமேலும் எனக்குக் கோபம்தான். எப்போது கேட்டாலும் டியூட்டி என்கிறாய். ஆனால் வீடியோவில் உனக்குப் பின்னால் இருக்கிற நாற்காலியில் அவருடைய கறுப்பு கோட்டு கிடக்கிறது. அந்தக் குளிரில் கோட்டு இல்லாமல் யார் வேலைக்குப் போவான். ஆக, ஆள் வீட்டுக்குள் இருந்துகொண்டு என்னிடம் பேச வரமாட்டேன் என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். கல்யாணத்தில் அவர்கள் பக்கத்து ஆட்களுக்கு இரண்டாம் பந்தியில் மீன் தீர்ந்துபோனதை இன்னும் மனதில் வைத்திருக்கிறார் போல என்றுகூட நினைத்தேன். இதற்கிடையில் ஷீட் விற்க அருமனைக்குப் போனபோது கடை வாசலில் அவருடைய அப்பாவைப் பார்த்தேன். ஒருநாளும் பைக்குள் கைவிடாத மனுஷன், என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சாயாவும் பழம்பொரியும் வாங்கித் தந்தார். ஒடம்பு எப்பிடி இரிக்கு, பிரஷர் மாத்திரை திங்குதியளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், முகத்தைப் பார்க்கவில்லை. நம் கீழ்த்தோட்டத்தில் கண் வைத்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டு சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

போன சனிக்கிழமை ஆட்டுக்குத் தின்னப் பிலாக்குழை, இலையும் கொப்புமாக ஒடித்துக்கொண்டு ஆட்டுக்கொட்டிலின் பின்பக்கமாக வந்தேன். உன் அம்மா உள்ளே தனியாக நின்று ஆட்டைத் தடவிக்கொண்டு வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளாஸ் இல்லை, போனும் கையில் இல்லை, ராகமும் இல்லை. மை சன் இன் லா ஸ்டாப்ட் கமிங் ஹோம் என்றாள். ஆட்டின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திவிட்டாள். பிறகு, மை டாட்டர் இஸ் அஃப்ரெய்ட் டு டெல் ஹெர் ஃபாதர் என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மருமகன் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார், மகளுக்கு அப்பாவிடம் சொல்லப் பயம். பஹ்ரைன் இங்கிலீஷுக்கு அது போதும் மக்களே, எனக்கு ஒருவரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனுஷர் யாரிடமும் சொல்ல முடியாததை அவள் ஆட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆட்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பிலாக்குழையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். எனக்கு ரொம்ப வலித்தது. அவர் போனதைவிட, உனக்கு என்னிடம் பயம் என்பது வலித்தது.

எதற்குப் பயந்தாய் என்றும் எனக்குத் தெரியும். கேள்விப்பட்ட நிமிஷமே அப்பா அருமனைக்கு பஸ் ஏறி, சம்பந்தி வீட்டு முற்றத்தில் நின்று ஊர்கூடச் சத்தம் போடுவார் என்றுதானே. ஏறத்தான் செய்தேன். அருமனை ஜங்ஷனில் இறங்கவும் செய்தேன். அந்த மனுஷன் வாங்கித் தந்த சாயா ஞாபகத்துக்கு வந்தது, அவருக்கும் தலை நிமிர முடியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்த பஸ் திரும்புகிறவரை கடைத்திண்டில் உட்கார்ந்திருந்து அதிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது உன் அம்மாவிடம், சுபிதாவையும் பிள்ளையையும் போய்ப் பார்த்துவிட்டு வாயேன், வேண்டுமென்றால் ஒரு வருஷம் நில், ஆட்டையும் தோட்டத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன், உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் சலித்துவிட்டது என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் மீன்குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தாள். நீங்க என்னத்தையோ ஒளிச்சு வச்சிருக்கிய, மொதல்ல அத சொல்லுங்க என்றாள். இப்போது இரண்டு நாளாக என் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறாள், நான் தோட்டத்துக்குப் போனால் பின்னாலேயே வருகிறாள். இந்தக் காகிதத்தைக்கூட சபை ஆபீசில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நீ எனக்கு ஒன்றும் விளக்கம் சொல்ல வேண்டாம். யார் பக்கம் தப்பு என்று நான் கேட்க மாட்டேன், மனதுக்குள் சந்தேகப்படுவேன், அதை என்னால் விட முடியாது, ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். சொல்லத் தோன்றுகிற அன்றைக்குச் சொல், தோன்றவில்லையென்றால் விட்டுவிடு. அம்மா சீக்கிரம் வருவாள், நீ டியூட்டிக்குப் போனால் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாள், டீச்சர் என்ன கேட்டாலும் பதில் சொல்லுவாள், இங், டூ இரண்டும் மாறிப்போனால் அவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். அதுவரை ராத்திரி டியூட்டி முடிந்து தூக்கத்தோடு கார் ஓட்டாதே. பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வை. சிப்ஸ் முழுவதையும் ஆஸ்பத்திரியில் பங்குவைத்துவிடாமல் நீயும் தின்னு.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உனக்கும் என் பேத்திக்கும் சமாதானம் தருவாராக. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அந்தக் கோட்டு எத்தனையோ மாதமாக ஒரே மடிப்பில் கிடக்கிறது, இடது கை கீழே தொங்கினபடி, ஒருநாளும் மாறவில்லை. என் கண்ணில் படவேண்டும் என்றுதான் நீ அதை அங்கே போட்டிருக்கிறாய். அடுத்தமுறை அம்மாவைக் கூப்பிடும்போது அதை எடுத்துவிடு மக்களே, அந்த நாற்காலியில் அக்சாவை உட்காரவை. அப்பாவுக்கு அந்தக் கோட்டு வேண்டாம்.

உன் அன்புள்ள அப்பா,
நேசையன்