காய்ச்சலோடு வேலைக்கு அழைக்கும் கூடம்

அனுப்புநர்:
அழைப்பு மைய ஊழியை,
இரண்டாம் தளம், மாலைப் பணிநேரம்.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: இன்ஃப்ளுயன்ஸா பரவும் பணிக்கூடத்தை உடனே ஆய்வு செய்யக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மருத்துவமனை வாசலில் நின்றபடியே எழுதுகிறேன், உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள்க. உள்ளே இருப்பவர் என் அண்ணி, ஏழு மாதக் கர்ப்பிணி. நாங்கள் இருவரும் ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போனில் பேசிப் பிழைப்பவர்கள்.

2. ஏசி குளிர் வெளியே போகிறதென்று அங்கே ஜன்னல்களை ஆணியடித்து மூடியுள்ளனர். சென்ற வாரம் எதிர் இருக்கைக்காரர் காய்ச்சலோடு விடுப்புக் கேட்டார். “சளிக்கெல்லாமா லீவு? குரல் வருதுல்ல, வாங்க” என்றார் டீம் லீடர். வந்தார், நாளெல்லாம் எங்கள் முகத்துக்கு நேரே இருமினார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை.

3. அண்ணிக்கு உடம்பு சுட்டபோது நாங்களும் சளிதானென்று மாத்திரையோடு விட்டுவிட்டோம். மூச்சு வாங்கியதும் அண்ணன் கைத்தாங்கலாக இங்கே கொண்டுவந்தார். பரிசோதனையில் இன்ஃப்ளுயன்ஸா ‘ஏ’ என்று வந்தது. மருத்துவர் கடிந்துகொண்டார்: “சளி வேற, இது வேறம்மா. இதுல நாலு வகை. ஏ, பி ரெண்டும் வருஷாவருஷம் சுத்தி வரும். அதுல ஏ திடீர்னு உருவம் மாறி உலகத்தையே படுக்க வைக்கும். சி லேசா போயிடும். டி பெரும்பாலும் மாட்டுக்குத்தான். கர்ப்பிணிய அன்னைக்கே கூட்டிட்டு வர வேணாமா?”

4. தரைக்கு மருந்து தெளித்தாயிற்று என்கிறார் மேலாளர். இருமினாலும் பேசினாலும் தெறிக்கும் நுண்துளிகளில்தான் இது அதிகம் தொற்றுகிறது. காய்ச்சல் தெரிவதற்கு முந்தைய நாளே பரவத் தொடங்கிவிடுகிறது. பேசுவதே தொழிலான கூடத்தில் தரையைக் கழுவி என்ன பயன்?

5. மூச்சு சீரானதால் நேற்று அண்ணிக்கு வைத்திருந்த ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். குழந்தை அசைகிறதாம், சொல்லும்போதே அண்ணன் அழுதுவிட்டார். அண்ணியை நான் இன்னும் பார்க்கவில்லை. காலையிலிருந்து எனக்கும் உடம்பு கொதிக்கிறது, உள்ளே போக மனம் துணியவில்லை.

6. ஆகவே தாங்கள் இன்றே வந்து ஜன்னல்களைத் திறக்கச் செய்யவும், நோயுற்றோருக்குச் சம்பளத்துடன் விடுப்பும் அனைவருக்கும் தடுப்பூசியும் கிடைக்க ஆணையிடவும் கெஞ்சிக் கேட்கிறேன். இதை எழுதும்போதே டீம் லீடர் அழைத்தார். ஆள் இல்லையாம், நானாவது வர வேண்டுமாம். காய்ச்சல் என்றேன். “பரவாயில்லை, வாங்க” என்றார்.

பரவும், ஐயா. நான் போகப்போவதில்லை.

இடம்: மருத்துவமனை வாசல்
நாள்: திங்கட்கிழமை

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)